சாவி கொடுத்தது யாரு?

சாவியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவள்தான் என்றாலும், போன மாதம் நம் நரம்பியல் துறைக்கு ஒரு வாய் காபி குடிக்க வந்திருந்தேன். அப்போது உங்களில் ஒருவர் புறநோயாளிப் பிரிவில் ஒரு அம்மாவைக் கடிந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது. மகனுக்கு வலிப்பு வந்தபோது அவன் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தாராம். "இந்தக் காலத்திலயுமாம்மா?" என்று கேட்டீர்கள். கூட இருந்த இரண்டு பேர் சிரித்தீர்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "தெரியலைங்க, தெரியலைங்க" என்பதுதான் பதில்.

மருத்துவம் என்று பார்த்தால் நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு தானாக அடங்குகிற நேரத்தில் சாவி கையில் இருக்கும், நிறுத்திய நல்ல பேரை அது வாங்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பல்லிடுக்கில் கரண்டியைத் திணித்தால் திட்டுங்கள், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன். வாயில் தண்ணீர் ஊற்றினால் திட்டுங்கள். சாவியை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வடசென்னை வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பம். நரம்பியல் படித்துவிட்டு வலிப்பு நோயைத் தனித்துறையாக எடுத்தபோது என் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். "மூளை டாக்டர்னு சொல்லிக்கம்மா, கௌரவமா இருக்கும். வலிப்பு டாக்டர்னு போர்டு மாட்டினா மாப்பிள்ளை வருவானா?" என்றார். போர்டில் வலிப்பு என்றுதான் எழுதினேன். மாப்பிள்ளையும் வந்தார், போர்டும் அப்படியே இருந்தது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இன்றைக்கும் என்னை 'வலிப்பு டாக்டரம்மா' என்றுதான் சொல்வார்கள். மீன் வாங்கப் போனாலும் அந்தப் பெயர்தான். எனக்கு அதில் இருக்கிற பெருமை வேறு எந்தப் பட்டத்திலும் இல்லை.

தொழிலை எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரு முரடர். வலிப்பு டாக்டர் வலிப்பை நேரில் பார்ப்பது அபூர்வம் என்பது அவர் அடிக்கடி சொல்வது. நோயாளி நம் முன்னால் வந்து உட்காரும்போது நன்றாகத்தான் இருப்பார். அவருக்கே தனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. நமக்குக் கிடைப்பது பக்கத்தில் இருந்தவர் மட்டும்தான். அவரையும் பேசவிடமாட்டார் எங்கள் பேராசிரியர். "வாயால சொல்றதெல்லாம் வக்கீலுக்கு. நமக்கு நடிச்சுக் காட்டச் சொல்லு" என்பார். கூட வந்தவர் கூச்சப்பட்டால், அவரே இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் படுத்துக் காலை உதைத்துக் காட்டி, "இப்படியா? இல்ல இப்படியா?" என்று கேட்பார். புதிதாக வந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு நாங்களும் படுத்தோம்.

இப்போது எல்லாரும் கைப்பேசியில் படம் பிடித்து வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் படம் எப்போது தொடங்குகிறது? ஆள் விழுந்து, பதறி, கைப்பேசியைத் தேடி எடுத்த பிறகு. நமக்கு வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. முதலில் திரும்பியது எந்தப் பக்கம், முதலில் இழுத்தது எந்தக் கை? அது கூட இருந்தவன் கண்ணில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு வெளியூரிலிருந்து வந்த நீங்கள் முழிக்கிறீர்கள், சிலர் கிண்டல் செய்கிறீர்கள். "வெறைச்சிகினு நின்னான்", "வெட்டி வெட்டி இஸ்துது", "சொம்மா பராக்கு பாத்துகினு கெடந்தான்". உடம்பு விறைப்பது, கைகால் வெட்டி இழுப்பது, நினைவில்லாமல் வெறிப்பது என்று இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வலிப்பு. வியாசர்பாடியில் ஒரு பூக்காரம்மா மூச்சு விடாமல் பிரித்துச் சொல்வதை நாம் புத்தகத்தில் நாலு பக்கம் படிக்கிறோம். இந்தப் பேச்சு காதுக்குப் பழகாமல் இங்கே வலிப்பு வைத்தியம் பார்க்க முடியாது.

சரி, சாவிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை, கூட்டம் நெரிகிற நேரம். ஏழுமலை என்று ஒருவன் வந்தான். முப்பதைத் தாண்டிய வயது, வியாசர்பாடி குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. துறைமுகத்தை ஒட்டி ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவன். மாடி மாடியாகக் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருப்பார்களே, அவற்றைத் தூக்கி லாரியில் இறக்கும் உயரமான கிரேன். மேலே கண்ணாடி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஓட்டவேண்டும். முந்தின நாள் கேன்டீனில் விழுந்துவிட்டான். நரம்பு டாக்டரிடம் கேட்டு, மேலே ஏறலாம் என்று எழுதி வாங்கி வந்தால்தான் கிரேன் சீட்டில் உட்காரலாம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதியமே அவனுக்கு ஷிப்டு.

கூட வந்தவன் லாரன்ஸ், ஏழுமலையின் சின்ன வயசுத் தோஸ்து. அதே யார்டில் வேலை. கிரேன் இறக்குகிற பெட்டியைக் கீழே நின்று லாரியோடு பூட்டுகிற ஆள்.

நான் வாயைத் திறப்பதற்குள் லாரன்ஸ் தொடங்கிவிட்டான்.

"ஒண்ணியும் இல்லம்மா. வெயில் பேஜாரு. காலைல சோறு துண்ணல. கண்ணு இருட்டிகினு வந்து சாஞ்சிட்டான். தண்ணி தெளிச்சோம், எழுந்துட்டான். மயக்கம்தான்மா."

ஏழுமலையும் தலையாட்டினான். "ஆமாம்மா, மயக்கந்தான். இதுக்கு மின்ன வந்ததே இல்ல."

கதை கச்சிதமாக இருந்தது. வெயில், வெறும் வயிறு, கண் இருட்டல், தண்ணீர், உடனே தெளிவு. பாடப்புத்தக மயக்கம். மூளையின் மின்பதிவு எடுத்துப் பார்த்தேன், அதுவும் சுத்தமாக இருந்தது. அது சுத்தமாக இருப்பதால் வலிப்பு இல்லை என்று ஆகாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பேனாவைத் திறந்தும்விட்டேன். அப்புறம் பேராசிரியர் ஞாபகம் வந்து, மூடி வைத்தேன்.

"லாரன்ஸ், எங்க, அதை அப்படியே நடிச்சுக் காட்டு. ஏழுமலை, நீ கேன்டீன்ல விழுந்த மாதிரி படு. லாரன்ஸ், நீ என்ன செஞ்சியோ அதைச் செய்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவேண்டியதைத்தான் ஒத்திகை பார்த்து வந்திருந்தார்கள். நடிக்கச் சொல்வேன் என்று யாருக்குத் தெரியும்? ஏழுமலை சுவரோரம் படுத்தான். லாரன்ஸ் ஓடி வருவது போல வந்தான், மண்டி போட்டான், நண்பனின் தலைக்குக் கீழே கை கொடுத்தான். அடுத்த நொடி அவன் கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்து ஏழுமலையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

அவன் கை அப்படியே நின்றுபோனது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெயில் மயக்கத்துக்கு இந்த ஊரில் யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள். சோடா கொடுப்பார்கள்.

"லாரன்ஸ், அது எந்தப் பூட்டோட சாவி?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எந்தப் பூட்டும் இல்லமா. பழைய இரும்புக் கடைல வாங்குனது. இவனுக்கோசரம் பையிலயே வெச்சினு கீறேன்."

அதாவது, இது முதல் தடவை இல்லை. மாதக்கணக்காக, ஒருவேளை வருடக்கணக்காக, நண்பனுக்கு எப்போது வருமோ என்று இரும்பைப் பையில் சுமந்துகொண்டு திரிகிறான். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவன் மேல் பிரியம் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

உதவியாளரிடம் கதவைச் சாத்தச் சொன்னேன். "லாரன்ஸ், இப்ப நீ ஏழுமலையா நடி. பொய் வேணாம். நான் யாருக்கும் இப்ப போன் பண்ணப் போறதில்ல. அவனுக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றேன்.

லாரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு கண் ஒரே இடத்தில் நிலைத்தது. வாய் எதையோ சப்புக்கொட்டி மெல்ல ஆரம்பித்தது. வலது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகியது, விட்டது, மறுபடி திருகியது. தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. "இப்டித்தான்மா. கூப்டா கேக்காது. கொஞ்சம் கழிச்சு இன்னா மாமுன்னு கேப்பான். எப்பவாச்சும் ஒரு வாட்டி இத்தோட கீழ வுழுந்து வெட்டும்" என்றான்.

வலிப்பைக் கிளப்புகிற தழும்பு மூளையில் எங்கே இருக்கும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம், காதுக்கு மேலே. எந்த இயந்திரமும் அவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏழுமலையை. அவன் எழுந்து நின்று நண்பனையே வெறித்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துவிட்டது. வலிப்பு வந்த எவரும் தன் வலிப்பைப் பார்த்ததில்லை, இதை மறந்துவிடாதீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எப்போதாவது விழுகிறோம் என்பது. இந்தச் சப்புக்கொட்டலும் பொத்தான் திருகலும் அவனுக்குத் தெரியவே தெரியாது.

"நானாடா இப்டி?" என்றான். பிறகு, "மேல இருக்க சொல்லோ வந்துகீதா?"

லாரன்ஸ் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"சொல்லுடா. கிரேன்ல வந்துகீதா?"

"ஒரு வாட்டி. பெட்டி அந்தரத்துல நின்னுகினு இருந்துது. வாக்கி டாக்கில கூவுறேன், கூவுறேன், நீ பேசல. கைய எட்த்தா கிரேன் தானா நின்னுடும்ல, அதனால நின்னுச்சு. அப்பால நீயே பேசுன. கயிறு சிக்குச்சுன்னு சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்."

"கீழ யார்ரா இருந்தா?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா நின்ன?"

"வேற எவனாச்சும் நின்னா இன்னா பண்றது? அதுலேர்ந்து உன் ஷிப்டுல கீழ நான் மட்டும்தான் நிப்பேன்."

என் வாழ்நாளில் அந்த அறையில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது வேறு. தோழனின் சீட்டைக் காப்பாற்ற அவன் தொங்கவிட்ட பெட்டிக்குக் கீழே தன் தலையைக் கொடுத்து நின்றிருக்கிறான் ஒருவன். அதைவிட முட்டாள்தனமான காரியத்தை நான் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய மனசையும் பார்த்ததில்லை.

இப்போது என் முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். கம்பெனிக்குப் போன் செய்யலாம். செய்தால் இந்த வட்டாரத்தில் கிரேன், டிரெய்லர், படகு ஓட்டுகிற ஒருவனும் அப்புறம் என் வாசலை மிதிக்கமாட்டான். எல்லாரும் மறைத்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். செய்யாமல் விட்டால் இன்றைக்கு மதியமே ஒரு பெட்டி விழலாம். இதற்குப் புத்தகத்தில் விடை இருக்கிறது என்பீர்கள், இருக்கிறதுதான். ஆனால் விடையைச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது, அது உங்கள் கையில்.

"ஏழுமலை," என்றேன், "ரெண்டு வழிதான். இன்னைக்கு நீ மேல ஏறினா நான் போன் பண்ணுவேன், இப்பவே உன்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுவேன். நீயே போய்ச் சொன்னா, உன் வேலை போகாம இருக்க நான் வந்து நிப்பேன்."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அழுதான் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, ஆனால் அழுதான்.

"எங்க தெருவுல எங்க அப்பன், பாட்டன் எல்லாரும் ஹார்பர்ல மூட்டை தூக்குனவங்கம்மா. கீழேர்ந்து தூக்குனவங்க. மேலேர்ந்து தூக்குன மொத ஆளு நான்தான். அந்தச் சீட்டு போச்சுன்னா நான் யாரும்மா?"

அவன் லாரன்ஸைப் பார்த்தான், பெட்டிக்குக் கீழே நின்ற அந்த உச்சந்தலையைப் பார்த்தான். பிறகு கழுத்தில் தொங்கிய ஆபரேட்டர் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வாடா, போய் சொல்லிட்டு வந்துடலாம்" என்றான்.

போனான், சொன்னான். அன்று சாயங்காலமே யார்டு மேலாளர் எனக்குப் போன் செய்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "மேடம், வலிப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வெச்சுக்கறது?" என்றார். மறுநாள் நானே யார்டுக்குப் போய்விட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே என் சின்னக் காரை நுழைத்துக்கொண்டு, புடவை முழுக்கப் புழுதியோடு போய் இறங்கினேன். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "உண்மையைச் சொன்னவனை வீட்டுக்கு அனுப்பிட்டீங்கன்னா, மேல உட்கார்ந்திருக்கிற மத்தவங்கள்ல யார் நாளைக்கு உண்மையைச் சொல்லுவாங்க? அவங்களுக்குக் கீழ நீங்க நடப்பீங்களா சார்?"

ஜன்னல் வழியாகக் கிரேன்களைப் பார்த்தார். பிறகு ஏழுமலைக்கு யார்டு வாசல் கேட்டில் வண்டி சரிபார்க்கும் வேலை கொடுத்தார். இரவு ஷிப்டு போடக்கூடாது, தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்றேன். அதற்கும் ஒத்துக்கொண்டார்.

மாத்திரைக்கு வலிப்பு முழுசாக அடங்கவில்லை. ஸ்கேனில் தழும்பு நான் நினைத்த இடத்திலேயே இருந்தது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு வந்த நீண்ட வலிப்பின் வேலை. அறுவை சிகிச்சை என்றதும் ஏழுமலையின் மனைவி கஸ்தூரி, "தலையத் தொறப்பீங்களா? அப்பால என்னை அடையாளம் தெரியுமா இந்தாளுக்கு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். தெரியும் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னென்ன ஆகலாம், எது ஆக வாய்ப்புக் குறைவு என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவளே சம்மதம் சொன்னாள். அறுவை முடிந்து கண் விழித்ததும் ஏழுமலை முதலில் சொன்னது, "கஸ்தூரி, எதுக்கு இப்டி மூஞ்சிய வெச்சினு கீற?" என்பதுதான். அந்த வார்டில் நான் அதற்கு முன்னால் அப்படிச் சிரித்ததில்லை.

கிரேனுக்கு அவன் திரும்பவில்லை. கேட்டில் இருந்தபோதே கணினி பழகிக்கொண்டான். எந்தப் பெட்டி எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று திட்டம் போடும் அறைக்கு அவனை மாற்றினார்கள். ஒருமுறை வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இப்ப எல்லா கிரேனும் நான் சொல்ற பெட்டியத்தான்மா தூக்குது" என்றான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கடைசியாகப் பரிசோதனைக்கு வந்தான். லாரன்ஸும் வழக்கம்போலக் கூட வந்தான். வழக்கம்போல நானும் கேட்டேன். "போன தடவை வந்ததுக்கப்புறம் என்ன நடந்துச்சு? நடிச்சுக் காட்டு லாரன்ஸ்."

லாரன்ஸ் அறை நடுவில் போய் நின்றான். கைகள் இரண்டும் சும்மா தொங்கின. நின்றுகொண்டே இருந்தான்.

"என்னப்பா, நிக்கிற?"

"இதாம்மா. இப்டியேதான் கீறான். ஒண்ணியும் வர்ல." பைக்குள் கையை விட்டு, அந்தச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தான். "இது இனிமே வாணாம்மா. நீங்க வெச்சிக்கோங்க."

என் பணி வாழ்க்கையில் எனக்கு வந்த பாராட்டு மடல்களும் பொன்னாடைகளும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. இந்தச் சாவி இருக்கும் இடம் தெரியும். உங்கள் அறையில், பரிசோதனை மேசையின் இழுப்பறையில் நானே வைத்துவிட்டு வந்தேன். துருப்பிடித்த குப்பை என்று அதைத் தூக்கிப்போடப் பார்த்தீர்களாமே, உதவியாளர் சொன்னார். எடுத்து மேசை மேல் வையுங்கள். அடுத்த நோயாளி உள்ளே வந்ததும், கூட வந்த கும்பலைப் பார்த்து, "சாவி கொடுத்தது யாரு?" என்று கேளுங்கள். நான் ஏழுமலைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் கேட்டேன். யாராவது ஒருவர் பயந்துகொண்டே கையைத் தூக்குவார். அவர்தான் பக்கத்தில் இருந்தவர், அவர்தான் பார்த்தவர். அவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்.